சங்கிலிக்கு முந்தின மாதங்கள்

சேரியில் ஒரு பையன் நாலு ராத்திரி தூங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்தால் முதலில் யாரைத் தேடுகிறோம்? கோடாங்கியை. பிறகு கோவில், தர்கா. கையிலிருப்பது கரைந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. வங்கியில் நகைக்கடன் எழுதுகிறவன் நான். படிவத்தில் 'விவசாயம்' என்று போடச் சொல்லிவிட்டு, "மவனுக்குக் கழிப்புக் கழிக்கணும் சார்" என்று குரலைத் தாழ்த்தும் அம்மாக்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூடநம்பிக்கை என்று அவர்களைத் திட்டுவது சுலபம். எந்த டாக்டர் அவர்களை உட்காரவைத்துப் பேசினார் என்று கேட்பதுதான் அரசியல்.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்கள் தீயில் வெந்து, 28 பேர் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்தது. நல்லது. சங்கிலிக்கு முந்தின மாதங்களைப் பற்றி யார் பேசுவது?

சைக்கோசிஸ் பெரும்பாலும் இளவயதில்தான் தொடங்குகிறது. படிப்பு விழும், சிநேகிதம் அறும், குளிக்கத் தோணாது. காதில் குரல் கேட்கும், ஊரே தனக்கெதிராகச் சதி செய்வதாகத் தோன்றும். வைத்தியமில்லாமல் கழிகிற காலம் கூடக்கூட மீள்வது கஷ்டமாகிறது. இதைப் புரிந்துகொண்டு 1992இல் மெல்போர்னில் பேட்ரிக் மெக்காரியும் மற்றவர்களும் இளைஞர்களுக்கென்றே தனிச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். குறைந்த அளவில் மருந்து, குடும்பத்தோடு பேச்சு, திரும்பப் படிப்புக்கோ வேலைக்கோ போக ஒரு கை. மாத்திரைச் சீட்டோடு முடிகிற வேலையில்லை இது. சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் இந்த வழியில் வேலை செய்கிறது. அங்கேயும் மாண்ட்ரியலிலும் ஒரே முறைச் சிகிச்சையை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், சென்னையில் குடும்பம் கூட நின்றது தெரிந்தது. கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத குடும்பம் எத்தனை நாள் கூட நிற்கும் என்பது நம் கேள்வி.

இன்னொன்றையும் சொல்லியாகணும். "எல்லாரும் என்னைப் பத்தித்தான் பேசுறாங்க" என்று ஒரு தலித் மாணவன் சொன்னால், அது நோயாக இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம். வகுப்பிலும் விடுதியிலும் சாதி கேட்டுக் குசுகுசுக்கிறவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்! அதை விசாரிக்காமல் மருந்தெழுதும் டாக்டரும், எல்லாம் சாதிக் கொடுமைதான் என்று மருந்தைத் தடுக்கும் தோழரும் அவனைப் பாதியில் விடுகிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கு மாத்திரை இலவசம். 2022 முதல் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். நம் பிள்ளைகள் தங்கும் ஒவ்வொரு அரசு விடுதிக்கும் மாவட்ட மனநலத் திட்டத்து ஆட்கள் மாதம் ஒருதரமாவது வரணும், வார்டனுக்கும் அடையாளம் காணப் பயிற்சி தரணும். வருகிற மாதம் கலெக்டர் ஆபீசில் நாம் கொடுக்கும் மனுவில் இந்த இரண்டையும் முதலில் எழுதுங்கள் தோழர்களே.