பெரிய திரையில் எதைக் காட்டுவது?



கூட்டங்களுக்கும் பயிற்சிகளுக்கும் போகும் இடங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், உங்கட லப்டொப்பில இருக்கிறது வயர் ஒண்டும் இல்லாமல் எப்பிடி ரீவியில வருது?" என்பதே அது.

இன்று பல கிராமங்களில் பொதுநோக்கு மண்டபத்திலோ முன்பள்ளியிலோ ஒரு ஸ்மார்ட் ரீவி இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள உறவுகள் யாராவது வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அதில் நாடகமும் படமும் பார்ப்பதோடு சரி. சங்கக் கணக்கை, கடன் விபரத்தை, பயிற்சிப் படங்களை அதே ரீவியில் எல்லோரும் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே இம்மாதம் அதைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். ஆனால் இந்த வசதியால் கிடைத்த நன்மையை மட்டும் எழுதி, அதே நாளில் என் கவனயீனத்தால் ஒரு சகோதரிக்கு நேர்ந்த தீங்கை எழுதாமல் விட்டால் அது நேர்மையாக இராது. இரண்டையும் சொல்கிறேன்.

வன்னியில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அங்குள்ள மாதர் சங்கத்தில் நாற்பது பேர் வரையில் இருக்கிறார்கள். அரைவாசிக்கு மேற்பட்டோர் தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். கணவரை இழந்தவர்களும் உண்டு. கணவர் காணாமல் ஆக்கப்பட்டு இன்றும் பதில் கிடைக்காதவர்களும் உண்டு. ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் ஒரு கடன் அட்டையாவது இருக்கிறது. "வட்டிக் கணக்கை ஒருக்கால் விளங்கப்படுத்துங்கோ மிஸ்" என்று அவர்களே கேட்டிருந்தார்கள்.

முதல் தடவை என் மடிக்கணினியை மேசையில் வைத்து விளக்கினேன். முன்னால் இருந்த ஐந்தாறு பேர் எட்டிப் பார்த்தார்கள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடிந்தபின் ஒரு வயதான அம்மா என்னிடம் வந்து, "பிள்ளை, முன்னுக்கு இருந்தவைக்குத்தான் நீர் சொன்னனீர். எங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றார். அவர் சொன்னது உண்மை. எப்போதும் பின்வரிசையில் இருப்பவர்கள்தான் அதிகம் கடன்பட்டவர்கள். அவர்களுக்குத்தான் அந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை மண்டபத்துச் சுவரில் இருந்த 43 அங்குல ரீவியில் காட்டுவது என்று முடிவு செய்தேன். என் மடிக்கணினியின் திரை 15.6 அங்குலம். பரப்பளவில் பார்த்தால் அந்த ரீவி அதைப்போல ஏழரை மடங்கு பெரியது.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயரால் இணைப்பதானால் எச்.டி.எம்.ஐ. என்ற வயரை மடிக்கணினியிலும் ரீவியிலும் செருகினால் போதும். வயர் இல்லாத முறையில், மடிக்கணினி தன் திரையில் உள்ளதை வீடியோப் படம்போல் சுருக்கி, வைஃபை அலைகள் மூலம் ரீவிக்கு அனுப்புகிறது. ரீவி அதை விரித்துக் காட்டுகிறது. இதற்குப் பல கம்பனிகள் பொதுவாகப் பயன்படுத்தும் முறைக்கு மிராகாஸ்ட் என்று பெயர். 2012 இல் அறிமுகமானது. இதில் எங்களுக்கு வாய்ப்பான விடயம் என்னவென்றால், இன்ரநெற் தேவையில்லை, டேட்டாக் காசும் போகாது. இரண்டு கருவிகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும். சிக்னல் இல்லாத கிராமத்திலும் வேலை செய்யும்.

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள மடிக்கணினியில், விண்டோஸ் அடையாளம் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்தபடி 'கே' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால், அருகில் உள்ள ரீவிகளின் பெயர்கள் வரும். உங்கள் ரீவியின் பெயரைத் தெரிவு செய்யுங்கள். ரீவி அனுமதி கேட்கும், அல்லது ஓர் இலக்கத்தைக் காட்டும். அனுமதி கொடுத்தால் சில விநாடிகளில் படம் வந்துவிடும். சில ரீவிகளில் முதலில் ரிமோட்டால் 'ஸ்கிரீன் மிரரிங்' அல்லது 'ஸ்கிரீன் ஷெயார்' என்ற இடத்துக்குப் போக வேண்டும். சில ரீவிகளில் மிராகாஸ்ட் இருக்காது, கூகுள் காஸ்ட் மட்டும் இருக்கும். அப்படியானால் மடிக்கணினியும் ரீவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். குரோம் பிரவுசரில் உள்ள 'காஸ்ட்' என்பதை அழுத்தி அனுப்பலாம். அப்பிள் கம்பனியின் கணினியும் ஐபோனும் எயார்பிளே என்ற தனி முறையைப் பயன்படுத்துகின்றன. எது எப்படியானாலும், பையில் ஓர் எச்.டி.எம்.ஐ. வயரும் இருப்பது நல்லது. வயர் இல்லாத இணைப்புச் சிலவேளை காலை வாரிவிடும்.

அன்று படம் ரீவியில் வந்தபோது பெண்கள் சிரித்தார்கள். "காத்துக்குள்ளாலயோ வருது?" என்று ஒருவர் கேட்டார். நான் கணக்கை எழுதத் தொடங்கினேன்.

கடன் 50,000 ரூபா. ஆண்டு வட்டி 24 வீதம். 12 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000. மாதத் தவணை 5,167 ரூபா. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அடுத்ததாகப் பன்னிரண்டு வரிகளில் ஒரு அட்டவணை போட்டேன். ஒவ்வொரு மாதமும் முதலில் 4,167 ரூபா குறைகிறது. ஆறு மாதம் முடிய எங்கள் கையில் மிஞ்சியிருக்கும் கடன் 25,000 ரூபாதான். ஆனால் வட்டி அதே 1,000 ரூபா. கடைசி மாதத்தில் மிஞ்சியிருப்பது 4,167 ரூபா. அதற்கும் வட்டி 1,000 ரூபா.

பின்வரிசையில் இருந்த அந்த அம்மா எழுந்து நின்றார். "பொறும் பிள்ளை. கடைசி மாசம் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஆயிரம் ரூபா வட்டியோ?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. குறைந்து வரும் கடனுக்கு மட்டும் மாதம் 2 வீதப்படி வட்டி எடுத்தால், அதே 50,000 ரூபாவுக்கு வட்டி ஏறக்குறைய 6,736 ரூபாதான் வரும் என்று பக்கத்தில் இன்னோர் அட்டவணையில் காட்டினேன். 24 வீதம் என்று சொல்லி வாங்கும் கடன், உண்மையில் ஏறக்குறைய 42 வீதத்துக்குச் சமன் என்பதையும் சொன்னேன். பலர் தங்கள் கடன் அட்டைகளை எடுத்து ரீவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடன் வாங்க முன்னர், "வட்டி முழுத் தொகைக்கோ, மிச்சத்துக்கோ?" என்று கேட்க வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது. எத்தனையோ கருத்தரங்குகளில் வாயால் சொல்லி விளங்காததை அந்தப் பன்னிரண்டு வரிகள் விளங்க வைத்தன.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது.

திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி தோன்றியது. என் வட்ஸ்அப்பிற்கு வந்த செய்தி. அதே கிராமத்தைச் சேர்ந்த, அன்று கூட்டத்துக்கு வராத ஒரு சகோதரியின் பெயர். அதன் கீழே, "மிஸ், இரவு திரும்பவும் அடிச்சுப்போட்டார்" என்ற முதல் வரி. ஐந்து விநாடி இருந்திருக்கும். நான் பாய்ந்து மடிக்கணினியை மூடுவதற்குள் பெட்டி தானாகவே மறைந்துவிட்டது. எழுத்துகள் ஏழரை மடங்கு பெரிதாக இருந்தன. பின்வரிசையில் இருந்தவர்களும் வாசித்திருப்பார்கள். அந்தச் சகோதரியின் கணவருடைய தமக்கை மூன்றாவது வரிசையில் இருந்தார்.

அன்று பின்னேரமே செய்தி கணவரிடம் போய்விட்டது. அவர் அந்தச் சகோதரியின் போனைப் பறித்து வைத்துக்கொண்டார். உதவி கேட்க அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். அதை நான்தான் அடைத்துவிட்டேன்.

இரண்டு நாளுக்குப் பின், இன்னோர் உத்தியோகத்தரோடு அவரைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நிலத்தைப் பார்த்தபடி, "நான் உங்களுக்குத்தான் மிஸ் சொன்னனான். ஊருக்குச் சொல்லேல்லை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

சமூகப் பணியில் இரகசியம் காத்தல் என்பதைப் பல்கலைக்கழகத்திலேயே படித்திருக்கிறேன். கோப்புகளை அலுமாரியில் பூட்டி வைப்பேன். எவரிடமும் பெயர் சொல்லிப் பேச மாட்டேன். ஆனால் திறந்திருக்கும் ஒரு மடிக்கணினியும் ஒரு கோப்புத்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. வயர் செருகியிருந்தால் அது கண்ணில் படும், இணைப்பு இருக்கிறது என்ற நினைவு இருக்கும். வயர் இல்லாதபோது அந்த நினைவும் இல்லாமல் போய்விடுகிறது. என் திரையை நான் மட்டும் பார்க்கிறேன் என்று மனம் நம்பிவிடுகிறது.

திரையை அப்படியே ரீவியில் காட்டும்போது இப்படியான அறிவித்தல்களைத் தானாக மறைக்கும் ஓர் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. என் மடிக்கணினியில் அது நிறுத்தப்பட்டிருந்தது. நான் ஒருநாளும் பார்க்கவில்லை. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர் இன்னொருவர் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

உங்களில் பலர் சங்கச் செயலாளராக, பொருளாளராக, முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறீர்கள். மடிக்கணினி இல்லாவிட்டாலும் போன் இருக்கிறது. போன் திரையையும் இவ்வாறு ரீவிக்கு அனுப்பலாம். அப்போது வரும் அழைப்பின் பெயரும் ரீவியில் விழும். ஆகவே பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

1. இணைக்க முன்னர் வட்ஸ்அப், மெயில் ஆகியவற்றை முற்றாக மூடுங்கள். 'டூ நொட் டிஸ்ரேப்' என்பதைப் போடுங்கள். இது மடிக்கணினியிலும் போனிலும் உண்டு.

2. மடிக்கணினியின் முதல் திரையில் ஆட்களின் பெயரோடு கோப்புகள் இருக்கக்கூடாது. 'இன்னாரின் முறைப்பாடு' என்ற கோப்பின் பெயரே கதையைச் சொல்லிவிடும். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய படிவங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், சிறுவர்களின் படங்கள் எல்லாவற்றையும் வேறிடத்தில் வையுங்கள்.

3. விண்டோஸ் பட்டனோடு 'பி' எழுத்தைத் தட்டினால் சில தெரிவுகள் வரும். 'டுப்ளிகேற்' என்றால் உங்கள் திரை அப்படியே ரீவியில் தெரியும். 'எக்ஸ்ரெண்ட்' என்றால் ரீவி தனி மேசைபோல ஆகிவிடும். நீங்கள் நகர்த்தி வைப்பது மட்டும் அதில் தெரியும். நான் இப்போது இரண்டாவதையே பயன்படுத்துகிறேன். குரோம் மூலம் அனுப்பும்போது ஒரு 'ரப்'பை மட்டும் அனுப்பவும் வழி உண்டு.

4. பட்டியலில் வரும் ரீவியின் பெயரை இருமுறை பாருங்கள். பயிற்சி நிலையங்களில் பக்கத்து அறை ரீவியும் அதே பெயரில் இருக்கலாம்.

5. வேலை முடிந்ததும் 'டிஸ்கனெக்ற்' கொடுத்து, ரீவியில் படம் போய்விட்டதா என்று கண்ணால் பாருங்கள். அதன் பின்னரே வேறு எதையும் திறவுங்கள்.

6. இரகசியமான வேலைக்கு ஒன்று, கூட்டங்களுக்கு ஒன்று என இரண்டு கணினிகள் இருந்தால் மிக நல்லது. அது முடியாத இடத்தில், கூட்டத்துக்கு வேண்டியதை மட்டும் பென் டிரைவில் ஏற்றி, அதை நேரே ரீவியில் செருகிக் காட்டலாம்.

அந்தச் சகோதரி இப்போது பிள்ளைகளோடு தாய் வீட்டில் இருக்கிறார். அவருடைய விடயத்தை இன்னோர் உத்தியோகத்தர் பார்க்கிறார். அதுவே சரி. இதை எழுத முன்னர் அவரிடம் கேட்டேன். "எழுதுங்கோ மிஸ். என்ர பேரும் ஊரும் வேண்டாம். மற்ற மிஸ்மாரும் படிக்கட்டும்" என்றார். ஆகவே சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் அடி உதை படும் எந்தப் பெண்ணும் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழைக்கலாம் என்பதையும் இங்கு நினைவூட்டுகிறேன்.

அதே மண்டபத்தில் ரீவியில் பாடம் காட்டுவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்த நினைத்தேன். பெண்கள் விடவில்லை. பின்வரிசைக்கும் கணக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். கடந்த கூட்டத்தில் நான் மடிக்கணினியைத் திறந்தபோது, அந்த வயதான அம்மா தன் இடத்தில் இருந்தபடியே கேட்டார்:

"பிள்ளை, வட்ஸ்அப்பை மூடினனீரோ?"

மூடியிருந்தேன். ஆனாலும் அவர் முன்னால் ஒருமுறை திறந்து காட்டி, மீண்டும் மூடிவிட்டுத்தான் ரீவியை இணைத்தேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.