65 ஏன்னு கேக்குறீங்க, கோழி எதுன்னு கேக்குறீங்களா?

சென்னை, பெங்களூர்னு இருக்குற சொந்தக்காரங்க லீவுக்கு புத்தூர் வந்தா, சிக்கன் 65-க்கு ஏன் அந்தப் பேருன்னு ஒரு பட்டிமன்றம் நடக்காம போகாது. ஆளுக்கொரு கதை சொல்றாங்க. கோழி வளர்க்கிறவன் கணக்குல அதையெல்லாம் கொஞ்சம் பார்த்துடுவோம்.

65 நாள் வயசான கோழியாம். எங்க வீட்டுப் பஞ்சாரத்துல இருக்குற நாட்டுக்கோழிக் குஞ்சு 65 நாள்ல அரைக்கிலோ தேறினாலே பெரிசு. அதை எந்த சம்சாரியும் அறுக்க மாட்டான். பிராய்லரோ 40 நாள்லயே ரெண்டு கிலோ வந்துடும், 65 நாள் வரைக்கும் தீவனம் போட யாருக்கும் கட்டுப்படியாகாது. ரெண்டு கோழிக்கும் இந்தக் கதை ஒத்து வரல.

ஒரு கிலோ கறியை 65 துண்டா வெட்டணுமாம். துண்டுக்கு 15 கிராம்தான் வரும், அதுலயும் எலும்பு இருக்கு. 65 மிளகாய் போடணுமாம். கிலோ கறிக்கு 65 காஞ்ச மிளகாய் அரைச்சுப் போட்டா யார் வாயில வைக்கிறது? பட்டாளத்துக்காரர் ஒருத்தர் மெனுவுல 65-ஆம் நம்பரைக் காட்டிக் கேட்டார்ங்கிறது இன்னொரு கதை.

இதுல நம்பும்படியா இருக்கிறது புகாரி ஹோட்டல் சொல்றதுதான். சென்னை மவுண்ட் ரோட்டில் ஏ.எம்.புகாரி தொடங்கிய ஹோட்டல் அது. 1965-ல் அறிமுகம் செய்ததால் 65. அதுக்கப்புறம் 1978, 1982, 1990-லயும் சிக்கன் 78, 82, 90 என்று அவங்களே பேர் வச்சிருக்காங்க. வருஷத்தை வச்சுப் பேர் வைக்கிறது அந்தக் கடையின் பழக்கம்னு இதுலயே தெரியுது. மத்த மூணும் அந்தக் கடையோட நின்னுடுச்சு. 65 மட்டும் காலிஃபிளவர், காளான், பன்னீர் வரைக்கும் ஏறிடுச்சு.

சரி, 65-ன்னா ஒரு வருஷம். அதனால சாப்பிடுறவனுக்கு லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. நான் சண்டைக்கு வர்றது அதுக்கு முன்னாடி இருக்குற வார்த்தைக்கு. இப்ப ஊருக்கு ஊர் ‘நாட்டுக்கோழி 65’ன்னு போர்டு வைக்கிறாங்களே, அந்த ‘நாட்டுக்கோழி’ எங்கேருந்து வருது?

மேய்ஞ்சு வளர்ற நாட்டுக்கோழி ஒண்ணேகால் கிலோ வர அஞ்சாறு மாசம் ஆகும். 21 நாள் அடைகாத்துப் பொரிச்ச குஞ்சுல பருந்து ரெண்டு தூக்கும், கீரி ஒண்ணு தூக்கும், வெள்ளைக்கழிச்சல் வந்தா மிச்சமும் போயிடும். பத்துல அஞ்சு தேறினா அந்த வருஷம் நல்ல வருஷம். அந்தக் கறி எண்ணெயில் போட்ட அஞ்சு நிமிஷத்துல பஞ்சு மாதிரி வேகாது. குக்கர்ல விசில் மேல விசில் விட்டாத்தான் வழிக்கு வரும். அதனாலதான் நம்ம பாட்டிமார் அதைக் குழம்பும் ரசமுமா வச்சாங்க.

தட்டுல மெத்து மெத்துன்னு வர்றது பெரும்பாலும் பண்ணைக் கலப்பினம். கொட்டகையில் அடைச்சு, தீவனம் போட்டு, 80, 90 நாளில் விற்பது. அதை வளர்க்கிறவனும் விவசாயிதான், அவன் பொழப்பை நான் குறை சொல்லல. பிராய்லரைப் பிராய்லர்னு சொல்லி விக்கிறவன் மேலயும் எனக்குக் கோவம் இல்ல. கலப்பினத்தைக் கலப்பினம்னு சொல்லி வில்லுங்கறேன், அவ்வளவுதான். என் கோழியோட பேரை மட்டும் எடுத்துக்கிட்டு, கோழியை வேண்டாம்னு சொல்றதுதான் வயித்தெரிச்சல். போன வருஷம் ஒரு கடைக்காரர் எங்கிட்ட வந்து, பண்ணை விலைக்கே தர்றதா இருந்தா வாரம் இருபது கோழி எடுத்துக்கிறேன்னார். ஆறு மாசம் காத்து, பாதியைப் பருந்துக்குக் கொடுத்தவன் அந்த விலைக்கு எப்படிக் கொடுப்பான்?

நம்ம ஜில்லா மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. இனி வேற ஊர்ல சுட்டு அந்தப் பேர்ல வித்தா கேள்வி கேக்க சட்டம் இருக்கு. நாட்டுக்கோழிங்கிற பேரை யார் எதுக்கு மேல ஒட்டினாலும் கேக்க ஆளில்ல. நீங்கதான் கேக்கணும்.

அடுத்த தடவை கடையில உட்கார்ந்தா, 65-க்கு அர்த்தம் தேடுறதை விடுங்க. கோழிக்கு எத்தனை நாள் வயசு, எந்த ஊர்ல வளர்ந்தது, மேய்ஞ்சதா, அடைச்சு வச்சதா? இந்த மூணையும் கேளுங்க. பதில் சொல்றவர் கடையில நம்பிச் சாப்பிடுங்க. முழிக்கிறவர்கிட்ட பிராய்லர் விலைக்கு மேல ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.