தாய் வெளிநாடு சென்றால் முன்பள்ளிக்கு யார் பொறுப்பு?

இலங்கையில் சிறு பிள்ளைகளின் தாய்மார் வேலைக்காக வெளிநாடு செல்வதற்கு 2013 முதல் கட்டுப்பாடு உண்டு. அவ்வாண்டு அறிமுகமான குடும்பப் பின்னணி அறிக்கை, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாயின் பயணத்தைத் தடுத்தது. பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 இல் அந்த வயதெல்லை 2 ஆகக் குறைக்கப்பட்டது. அதனால் இப்போது தாய் பிரிந்து செல்லக்கூடிய காலமும் பிள்ளையின் முன்பள்ளிக் காலமும் ஒன்றாகிவிட்டன.

அந்த வயதுப் பிள்ளைக்குச் சட்டத்தின் காப்பு குறைவு. கட்டாயக் கல்வி 5 வயதில்தான் தொடங்குகிறது. 2016 இல் அதன் மேல் எல்லை 14 இலிருந்து 16 ஆக உயர்ந்தபோதும் கீழ் எல்லை மாறவில்லை. 1945 முதல் நடைமுறையிலுள்ள இலவசக் கல்வியும் முன்பள்ளியைத் தொடவில்லை. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாண சபைகளுக்கு அளித்தது. ஆயினும் பெரும்பாலான முன்பள்ளிகள் பெற்றோரின் கட்டணத்திலும் ஆலயங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆதரவிலுமே இயங்குகின்றன. இந்தியாவிலோ 1975 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் ஆறு வயதுவரை உணவும் முன்பருவக் கல்வியும் இலவசம்.

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட தேற்றாத்தீவு போன்ற எழுவான்கரைக் கிராமங்களில் இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் பெரும்பாலும் அம்மம்மாவே. வளைகுடாவிலிருந்து வரும் பணம் கடனுக்கும் வீடு கட்டவும் முதலில் போகும். முன்பள்ளிக் கட்டணம் பின்னுக்குத் தள்ளப்படலாம். காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விடவும் நண்பகலுக்கு முன் அழைத்துவரவும் முதியவருக்கு உடல்நலம் வேண்டும். வேளாண்மைக் காலத்தில் வீட்டார் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை வயல்களுக்குச் சென்றால் அதற்கும் ஆள் இராது. இப்படித் தவறவிடும் பிள்ளை, பழகிய சகபாடிகளோ எழுத்தறிமுகமோ இன்றி முதலாம் ஆண்டில் அமர்கிறது.

இதற்குப் புதிய அமைப்பு தேவையில்லை. தேற்றாத்தீவு அடங்கும் மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகம் களுவாஞ்சிகுடியில் உள்ளது. வெளிநாட்டு வேலைவாய்ப்பையும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தியையும் கவனிக்கும் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களிலேயே பணியாற்றுகிறார்கள். தாயின் பயணப் பதிவின்போதே பிள்ளையின் பெயர் அருகிலுள்ள முன்பள்ளியில் பதியப்பட வேண்டும். வரவைக் கண்காணிக்கும் கடமை உத்தியோகத்தருக்கும், கட்டணத்தை ஏற்கும் கடமை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் விதிக்கப்பட வேண்டும். பெண்களின் உழைப்பால் அந்நியச் செலாவணி ஈட்டும் அரசு, அவர்களின் பிள்ளைகளுக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்சக் கடமை இது.