கடவுச்சீட்டு எனும் ஆசிரியத் தகைமை

ஆசிரியத் தொழிலுக்கு வேண்டிய தகைமை யாது என்ற வினாவுக்கு எல்லா நாடுகளும் ஏறத்தாழ ஒரே விடையையே அளித்துவந்துள்ளன. கற்பிக்கவேண்டிய பொருளில் அறிவும், அதனைக் கற்பிக்கும் முறையிற் பயிற்சியும் உடையவரே ஆசிரியர் என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. கணிதமோ இரசாயனமோ கற்பிக்க வருபவரிடம் அவர் எந்நாட்டிற் பிறந்தார் என்று எவரும் முதலில் வினவுவதில்லை. ஆனால் ஆசியாவின் பல நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலில் மட்டும் இப்பொது நியதி தலைகீழாக்கப்பட்டுள்ளது. அங்கே பட்டம் எத்துறையிற் பெறப்பட்டது என்பது பொருட்டன்று. வகுப்பறையில் ஒருநாளேனும் நின்றதுண்டா என்பதும் பொருட்டன்று. கைவசமுள்ள கடவுச்சீட்டை வழங்கிய அரசு எது என்பதே முதற் கேள்வியாக உள்ளது. இதனை ஆங்கிலக் கல்வியின் வளர்ச்சி என்று போற்றுவோர் உளர். பிறப்பை விலைகூறி விற்கும் வியாபாரம் என்பதே உண்மைக்கு நெருங்கியதாகும்.

இவ்வியாபாரத்தின் தன்மையை அறிய, அதன் கீழ்ப்படியில் நிற்பவரிலிருந்து தொடங்குதல் நன்று. மேலைநாட்டு இளைஞர் ஒருவர் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துக்கொண்டு, முதுகிற் பையுடன் தென்கிழக்காசியாவுக்குப் புறப்படுகின்றார். பாங்கொக் நகரின் காவோ சான் வீதியில் மலிவான விடுதியொன்றிலே தங்குகின்றார். இரண்டொரு மாதத்திற் கைப்பணம் கரைந்துவிடுகின்றது. ஊர் திரும்பவோ மனமில்லை. அப்போது அவருக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றே: ஆங்கிலம் கற்பித்துச் செலவைச் சமாளிக்கலாம் என்பது. தாய்லாந்துப் பாடசாலைகளின் முதலாந் தவணை மே மாத நடுப்பகுதியிலும், இரண்டாந் தவணை ஒக்டோபர் இறுதியிலோ நவம்பர்த் தொடக்கத்திலோ ஆரம்பமாகின்றன. அதற்கு முந்திய வாரங்களில் ஆசிரியரைத் தேடும் அவசரம் மிகும். கழுத்துப்பட்டியொன்றை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, தன் விபரக்குறிப்பையும் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு போதனா நிலையங்களின் படியேறினால், மணித்தியாலக் கணக்கிற் கூலி தரும் வேலையொன்று கிடைத்துவிடும். புகைப்படம் எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. மேலைநாட்டு வெள்ளையரைத் தாய்லாந்து மக்கள் 'பரங்' என்பர். தமிழிலுள்ள 'பறங்கி' என்ற சொல்லுக்கும் அதற்கும் மூலம் ஒன்றே என்பது மொழியியல் மாணவருக்குச் சுவையளிக்கக்கூடிய செய்தி. அவ்வேலைக்கு வேண்டியது 'பரங்' ஆன முகம். ஏனையவை பிறகு பார்த்துக்கொள்ளப்படும்.

இதனைத் தடுக்கச் சட்டமில்லை என்பதன்று. சுற்றுலாப் பயணியாக வந்தவர் தாய்லாந்திற் தொழில் செய்வது குற்றமாகும். தொழிலுக்குரிய 'பீ' வகை விசாவும், தொழில் அனுமதிப் பத்திரமும், 'குருசபா' எனப்படும் ஆசிரியர் பேரவையின் உரிமமோ தற்காலிக விலக்கோ வேண்டும். குருவின் பெயரால் அமைந்த அச்சபையின் வாயிலைத் தாண்டுவதற்குப் பத்திரங்களும் காலமும் தேவைப்படுகின்றன. மூன்று மாதம் கற்பித்துவிட்டு லாவோசுக்கோ வியட்நாமுக்கோ போகவிருப்பவர் அதற்காகக் காத்திருப்பாரா? தவணை தொடங்கியபின் வெற்று வகுப்பறையை வைத்திருக்கப் பாடசாலை நிருவாகந்தான் விரும்புமா? இருபக்க வசதியும் சட்டத்தை ஒதுக்கி வைக்கின்றது. விசாக் காலம் முடியுந்தோறும் பஸ்ஸேறி எல்லையைக் கடந்து அன்றே திரும்புவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 2014ஆம் ஆண்டில் தாய்லாந்துக் குடிவரவுத் திணைக்களம் இதனைக் கடுமையாகக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. போலிப் பட்டச் சான்றிதழ்கள் காவோ சான் வீதியிலேயே விற்கப்பட்டமையும் உலகறிந்த செய்தியாகும்.

பயணியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஆயின் அது பிரச்சினையின் வேரைத் தொடாது. பசித்தவர் கிடைத்த வேலையைச் செய்கின்றார். அவருடைய பிறப்பைத் தகைமையாக்கிக் கொடுத்தவர் யார் என்பதே வினவப்படவேண்டும். ஒழுங்கீனமான தாய்லாந்தை விட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்யும் தென்கொரியாவை நோக்குமிடத்து இதற்கு விடை கிடைக்கின்றது. தாய்லாந்திற் கண்மூடலால் நடப்பது அங்கே சட்டமாகவே எழுதப்பட்டுள்ளது.

தென்கொரியா மொழி போதனையாளருக்கு வழங்கும் 'ஈ-2' விசாவின்கீழ் ஆங்கிலம் கற்பிக்க வருவோர் ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளுள் ஒன்றின் பிரசையாக இருத்தல் வேண்டும். இளமாணிப் பட்டமும் வேண்டும். அது புவிச்சரிதவியலில் பெற்ற பட்டமாயினும் தடையில்லை. இவ்வேழு நாடுகளும் ஆங்கிலம் தாய்மொழியாய் வழங்கும் நாடுகள் என்பதே கூறப்படும் நியாயம். இந்நியாயம் எவ்வளவு தூரம் நிற்கும்? தென்னாபிரிக்காவின் 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஆங்கிலத்தை முதன்மொழியாகக் கொண்டோர் பத்திலொரு பங்கினரிலும் குறைவானவர். சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்போ, ஐந்து வயதுக்கு மேற்பட்ட வதிவாளருள் 48 சதவீதத்தினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே என்று காட்டுகின்றது. ஆயினும் முன்னையது பட்டியலில் உண்டு, பின்னையது இல்லை. தென்கொரிய அரசுப் பாடசாலைத் திட்டம் தென்னாபிரிக்கரிடம் பாடசாலைக் கல்வியை ஆங்கிலத்திற் பெற்றமைக்கான சான்றைக் கேட்கின்றதே என்று சிலர் வாதிடலாம். மிக்க சரி. கல்விமொழி பற்றிய சான்றே போதுமானதெனின், அதே சான்றைச் சிங்கப்பூர்ப் பட்டதாரி கொண்டுவந்தால் ஏற்காதது ஏன்? சான்று இருவரிடமும் உண்டு. பட்டியலில் இடமே ஒருவருக்கு இல்லை.

இந்தியர் விடயம் இன்னுந் தெளிவானது. 2010ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய - தென்கொரியப் பொருளாதாரப் பங்குடைமை உடன்படிக்கையின் பயனாக இந்தியப் பிரசைகளும் ஆங்கிலத் துணையாசிரியராக வர வழி திறக்கப்பட்டது. ஆனால் அவர்களிடம் பட்டத்துடன் ஆசிரியச் சான்றிதழும் கேட்கப்படுகின்றது. அதாவது, கற்பிக்கப் பயின்றவரா என்ற கேள்வி தென்கொரிய அதிகாரிகளுக்குத் தெரியாத கேள்வியன்று. இந்தியரிடம் அதனைக் கேட்கின்றனர். கனடியரிடம் அதனைக் கட்டாயமாக்குவதில்லை. பிறப்பு உள்ளவிடத்துப் பயிற்சி வேண்டுவதில்லை, பிறப்பு இல்லாதவிடத்து மட்டும் பயிற்சி வேண்டும் என்ற இக்கோட்பாடு வருணாசிரம தருமத்தை அறிந்தோருக்குப் புதியதன்று.

பிலிப்பைன்ஸ் மக்களின் கதை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1901ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 'தோமஸ்' என்ற அமெரிக்கப் படைக் கப்பல் ஏறத்தாழ ஐந்நூறு ஆசிரியர்களை மணிலாத் துறையில் இறக்கியது. படைகொண்டு பிடித்த நாட்டை ஆங்கிலங்கொண்டு ஆளும் முயற்சி அது. அன்று தொடங்கி ஆங்கிலம் அந்நாட்டின் கல்விமொழியாயிற்று. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அதனை உத்தியோக மொழிகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. நூற்றாண்டுக்கு மேலாக அம்மொழியிற் கற்ற மக்கள், அதனைக் கற்பிக்கப் புறப்படும்போது மட்டும் அந்நியராகி விடுகின்றனர். தாய்லாந்துப் பாடசாலைகளில் அவர்கள் பெருந்தொகையினராக உள்ளனர். பலர் ஆசிரியக் கல்வி பெற்றவர்கள். ஆயினும் ஒரே பாடசாலையில் மேலைநாட்டவருக்குத் தரப்படும் சம்பளத்திலுங் குறைந்ததையே அவர்கள் பெறுவது அங்கு பலரறிந்த வழக்கம். பேரரசு தான் கற்பித்த பாடத்துக்குத் தானே சான்றிதழ் வழங்க மறுக்கின்றது எனலாம்.

இவ்வேறுபாடு தற்செயலாகத் தோன்றியதன்று. 1961ஆம் ஆண்டு உகண்டாவின் மக்கெரேரேயில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தல் பற்றிய பொதுநலவாய மாநாடு கூடியது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பித்தல் வேண்டும், அதனைத் தாய்மொழியாய்க் கொண்டவரே இலட்சிய ஆசிரியர் என்பன போன்ற நம்பிக்கைகள் அங்கு வலுப்பெற்றன. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த 'மொழி ஏகாதிபத்தியம்' என்ற நூலில் ரொபேட் பிலிப்சன் இவற்றைப் பொய்ந்நம்பிக்கைகள் என எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த சுரேஷ் கனகராஜாவும் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், யாழ்ப்பாண வகுப்பறையை ஆதாரமாகக் கொண்டே இவ்வாதிக்கத்தை ஆராய்ந்தார். ஆய்வுலகில் வாதம் முடிந்து ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. ஆட்சேர்ப்பு விளம்பரங்களுக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

உச்சரிப்பைக் காரணங்காட்டுவோரே எதிர்வாதிகளுள் வலிமையானவர். தாய்மொழியாளரிடமிருந்தே இயல்பான உச்சரிப்பைப் பெறலாம் என்பர். எத்தாய்மொழியாளரின் உச்சரிப்பு? கிளாஸ்கோ வாசியும் டெக்ஸாஸ் வாசியும் ஜோகனஸ்பேர்க் வாசியும் மூன்று வகையாகப் பேசுகின்றனர். மூவரும் பட்டியலில் உளர். தவணைக்கு ஒருவராக இம்மூவரிடமும் மாறிமாறிக் கற்கும் சிறுவன் எதனைப் பின்பற்றுவான்? மேலும், இன்று சியோலிலும் பாங்கொக்கிலும் ஆங்கிலங் கற்கும் பிள்ளை நாளை அம்மொழியைப் பேசப்போவது பெரும்பாலும் சீனருடனும் யப்பானியருடனும் வியட்நாமியருடனுமேயாகும். அங்கே வேண்டியது தெளிவு. அத்தெளிவுக்குரிய ஒலிகளில் தன் மாணவனின் நா எங்கே தடுக்கும் என்பதை, அதே தடையைத் தானும் ஒருகாலத்திற் கடந்துவந்த ஆசிரியரே முன்னறிவார். தாய்மொழியைத் தாய்மடியிற் பெற்றவருக்கு இலக்கணம் இயல்பாக அமைந்துவிடுகின்றது. அதனை விளக்கும் ஆற்றல் இயல்பாக அமைவதில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட எவரையும் பிடித்துவந்து சிங்கள மாணவருக்கு வல்லினம் மிகும் இடங்களைக் கற்பிக்கச் சொன்னால் இவ்வுண்மை விளங்கும்.

பெற்றோர் கேட்கின்றனர், நிலையங்கள் கொடுக்கின்றன என்ற வியாபார வாதத்துக்கு விடை சுருக்கமானது. வெள்ளை முகத்தைச் சுவரொட்டியில் ஒட்டி அவ்வாசையை வளர்த்தவர்களே அதனைக் காரணமாகவுங் காட்டுகின்றனர்.

சலுகை பெற்றவராகக் கருதப்படும் அப்பயணியும் இச்சந்தையில் நிரந்தரமாக வாழ்ந்துவிடுவதில்லை என்பதையும் கூறவேண்டும். முகத்துக்காகப் பெறப்பட்டவர் இன்னொரு முகம் வந்ததும் விலக்கப்படுவார். தென்கொரியாவில் 'ஹாக்வொன்' எனப்படும் தனியார் நிலையங்களில் விசா தொழில்தருநருடன் பிணைக்கப்பட்டுள்ளது; அவருடைய விடுவிப்புக் கடிதமின்றி இடையில் வேறிடம் செல்வது அரிது. ஓராண்டு சேவை நிறைந்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகத் தரப்படவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பதினோராம் மாதத்தில் வேலைநீக்கம் செய்யப்பட்டோரின் முறைப்பாடு அதனாலேயே அங்கு பழங்கதையாகிவிட்டது. 2007ஆம் ஆண்டிலிருந்து வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர், கொரிய இனத்தவருக்கு அது வேண்டப்படவில்லை. நியூசிலாந்து ஆசிரியை ஒருவரின் முறைப்பாட்டை விசாரித்த ஐக்கிய நாடுகளின் குழு 2015ஆம் ஆண்டில் அதனை இனப்பாகுபாடு எனத் தீர்மானித்தது. 2017ஆம் ஆண்டிலேயே அது கைவிடப்பட்டது. யப்பானில் 2007 ஒக்டோபரில் 'நோவா' என்ற பெரும் ஆங்கிலப் போதனா நிறுவனம் முறிந்து வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர் சம்பளமின்றித் தெருவில் நின்றனர். அவர்களுட் பலரது சம்பளத்திலிருந்து வீட்டு வாடகை கழிக்கப்பட்டு, வீட்டுச் சொந்தக்காரருக்குச் செலுத்தப்படாதிருந்தது. உணவுக்குப் பதிலாக ஆங்கிலங் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தொழிற்சங்கம் செய்யவேண்டியதாயிற்று. இரு நாட்டுத் தொழிலாளரும் ஒரே முதலாளியால் வெவ்வேறு அளவிற் சுரண்டப்படுகின்றனர். கூடுதலாகப் பெறுபவர் தம்மைத் தொழிலாளர் என்றே எண்ணாதிருப்பது முதலாளிக்கு மேலதிக இலாபம்.

இழப்பு முழுவதையும் தாங்குபவன் மாணவன். அவனுடைய வகுப்பறைக்கு வருபவர் பெயரை அறிவதற்குள் தவணை முடிகின்றது. விளையாட்டும் பாட்டுமாகக் கழிந்த மாதங்களின் பின், பரீட்சைக்கு வேண்டியவற்றை உள்ளூர் ஆசிரியையே மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்பிக்கின்றார். விளம்பரத்தில் அவர் படம் வருவதில்லை.

இலங்கைக்கும் இப்பட்டியலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு: இலங்கையர் அதில் இல்லை. தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டு விடுதியிலிருந்து கற்று, மூன்றாம் ஆண்டு பாடசாலையிற் பயிலுநராகக் கடமையாற்றி, பின்னர் பட்டமும் பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவருக்குச் சியோலில் அவ்விசா இல்லை. ஆங்கிலத்தைச் சிங்கள மாணவர் 'கடுவ', அதாவது வாள், என்று அழைத்தமை பல்கலைக்கழகங்களில் நன்கறியப்பட்டதே. அவ்வாளைப் பிடிக்கும் உரிமை பிறப்பால் வருவதென்ற எண்ணத்தையே இங்குள்ள தனியார் நிலையங்களும் விற்கின்றன. 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமுரிய ஆண்டாகப் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, பயிற்றுநர்கள் இலண்டனுக்கன்றி ஹைதராபாத்திலுள்ள ஆங்கில, அந்நிய மொழிகள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டனர். அம்முயற்சியின் குறைகள் எவையாயினும், அத்திசை சரியானது. அதனை ஏளனஞ் செய்தவர்களோ இலங்கையரின் உச்சரிப்பையே ஏளனஞ் செய்தனர்.

வேண்டப்படுவது புரட்சிகரமான ஒன்றுமன்று. பட்டியலை நீக்கி, வருபவர் எவராயினும் மொழித் தேர்ச்சிக்கும் கற்பித்தற் பயிற்சிக்கும் ஒரே சான்றைக் கேட்கட்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆரம்பச் சான்றிதழே 120 மணித்தியாலப் பாடநெறியையும், அவதானிப்பாளர் முன்னிலையில் ஆறு மணித்தியாலக் கற்பித்தலையும் கோருகின்றது. அவ்வளவேனும் எல்லாரிடமும் கேட்கப்படட்டும். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். விண்ணப்பத்திலிருந்து புகைப்படம் அகற்றப்படட்டும். இவற்றுக்கு மேலதிகமாக ஒரு சதமேனும் செலவில்லை. ஆயினும் இந்நான்கையும் ஏற்க எந்தப் போதனா நிலையம் முன்வரும் என்பதைப் பார்த்தால், அது இதுவரை விற்றுவந்த சரக்கு எது என்பது தெரியவரும்.