கண்ணாத்தாள் கோயில் சீட்டும் கண்டதேவித் தேர் வடமும்

தோழரே! சிவகங்கைக்கு அருகே நாட்டரசன்கோட்டை என்றோர் ஊர். கம்பனின் சமாதி அங்கேதான் இருக்கிறது என்பர். பங்குனித் திங்களில் காரைக்குடிக் கம்பன் கழகத்தார் அங்கு கூடி வணங்குவர். கம்பனோடு நமக்குள்ள வழக்கு பழைய வழக்கு, 'கம்பரசம்' தீட்டிய அண்ணா தொடுத்த வழக்கு. அதை இன்று நான் கிளறப் போவதில்லை. அவ்வூரில் கோயில் கொண்டிருக்கும் கண்ணுடைய நாயகியைப் பற்றி, மக்கள் வாயில் கண்ணாத்தாள் என்று வழங்கும் அந்தக் காவல் தெய்வத்தைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

பகுத்தறிவு பேசுகிறவனுக்குத் தலபுராணம் எதற்கு என்று நகைக்க வேண்டாம். கேளுங்கள். பாலும் மோரும் சுமந்து வந்த ஆயர் குலத்தார் ஓரிடத்தில் நாள்தோறும் கால் இடறி விழுந்தனராம், கலயம் உடைந்ததாம். செய்தி அரசன் செவிக்கு எட்டியதாம். அவ்விடத்தைத் தோண்டினராம். தோண்டியவன் கண்ணில் கடப்பாரை பட்டுக் குருதி கொட்டியதாம். அம்மன் சிலை வெளிப்பட்டதும் போன பார்வை மீண்டதாம். கண் கொடுத்ததால் கண்ணுடையாள்!

கதையை நம்பச் சொல்லவில்லை நான்; கதையில் வருவோர் யார் என்று பார்க்கச் சொல்கிறேன். பல்லக்கில் போனவன் கால் இடறவில்லை. பட்டுடுத்தியவன் கண்ணில் கடப்பாரை படவில்லை. சுமந்தவன் இடறினான், தோண்டியவன் குருதி சிந்தினான். உழைப்பவன் கண்டெடுத்த தெய்வம் என்று கதை கட்டியவனே ஒப்புக்கொண்டு விட்டான்! (கண்நோய் தீர வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துகிறார்கள். சாத்தட்டும். ஆனால் கண்ணில் புரை விழுந்தால், 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் ஒரு நடை போய் வரட்டும்.)

தைப்பொங்கலை அடுத்து வரும் முதற் செவ்வாயன்று இக்கோயிலின் முன்னே நகரத்தார் செவ்வாய்ப் பொங்கல் வைக்கிறார்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வருகிறார்கள். நூற்றுக்கணக்கான பானைகள். மகனுக்குப் பெண் பார்ப்பதும் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் அந்தத் திடலிலேதான். இத்தனை பானைகளில் முதற்பானை யாருடையது? செல்வம் மிகுந்தவன் பானையா? கோபுரத்துக்குப் பொன் கொடுத்தவன் பானையா? இல்லை, தோழரே, இல்லை! குடும்பப் புள்ளிகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி வெள்ளிக் குடத்தில் இடுகிறார்கள், குலுக்கி எடுக்கிறார்கள், எவர் பெயர் வருகிறதோ அவர் பானை முதற்பானை. அவ்வளவுதான்!

"ஒரே சாதிக்காரர்கள், அவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு ஏது?" என்பீர்களோ? ஏன் இல்லை? ஒரு காலத்தில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டிநாட்டார் கைக்குப் போயிருந்தது, 1930-களின் இறுதியிலே. பிறகு ஜப்பானியர் குண்டு விழுந்தது. பின்னர் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. கோடி வைத்திருந்தவன் கணக்கெழுதப் போனான். வேறு தொழிலில் முதல் போட்டிருந்தவன் ஆலை அதிபரானான். மாளிகைக்காரனும் மாதச் சம்பளக்காரனும் அந்தச் சமூகத்தில் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. வெள்ளிக் குடம் அவர்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மணமான இணை ஒன்று என்றால் புள்ளி ஒன்று. துணையை இழந்தவரை அரைப்புள்ளி என்று எண்ணும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. அது அநீதி, துயருற்றவளைப் பாதியாக்கும் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சீட்டு இருக்கிறதே, அது நேர்மை.

இனி அதே சிவகங்கை மாவட்டத்தில், தேவகோட்டையை அடுத்த கண்டதேவிக்கு வாருங்கள். சொர்ணமூர்த்தீசுவரர் கோயில். ஆனித் திருவிழாவில் தேர். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்ற நான்கு நாட்டாருக்கும் மரியாதை; வடமும் அவர்கள் வடம். 1998-இல் ஆதிதிராவிட மக்கள் கேட்டனர்: "எங்கள் கையும் வடத்தில் படலாமா?" கொள்ளை கேட்டார்களா? கோபுரக் கலசம் கேட்டார்களா? கயிறு கேட்டார்கள்! தேர் நின்றது. பிறகு சில ஆண்டு காவல்துறை சூழ நகர்ந்தது. தேர் பழுது என்று மீண்டும் நின்றது. புதுத் தேர் செய்தும் நிலையை விட்டுக் கிளம்பவில்லை. வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு ஏறியது. 2024 சூன் திங்களில்தான் மறுபடி ஓடியது, அதுவும் பெருங்காவற்படை நடுவே! ஆண்டவன் ஊர்வலம் வர ஆணையும் துப்பாக்கியும் வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் பக்தி!

இந்தப் பகைக்கு வயது அதிகம். 1930-இல் இராமநாதபுரம் சீமையில் நாட்டார்கள் தாழ்த்தப்பட்டோருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள்: பொன் நகையும் வெள்ளி நகையும் பூணாதே, சட்டை போடாதே, பெண்கள் மேலுடம்பை மூடாதே! மறு ஆண்டு எட்டு பதினொன்றாகியது. 1934-இல் காந்தியார் தேவகோட்டைக்கே வந்து மன்றாடினார். 1979-இல் உஞ்சனையில், ஐயனார் கோயில் புரவியெடுப்பில் பங்கு கேட்டதன் விளைவாக ஐந்து ஆதிதிராவிடர் கொல்லப்பட்டனர். மண்குதிரைக்காக, தோழரே, மனிதர் ஐவர்!

"மரபை மாற்றலாமா?" என்று மீசை முறுக்குகிறார்கள். எந்த மரபை? நாட்டரசன்கோட்டைச் சீட்டு மரபில்லையா? அது என்ன, நேற்று நம் கழகத்தார் மாநாட்டில் நிறைவேற்றிய தீர்மானமா? கும்பிடுகிறவர்களே கும்பிடும் இடத்தில் வகுத்துக்கொண்ட விதி அது. அந்த விதியால் அம்மனின் அருள் குறைந்தது என்று ஒரு நகரத்தார் சொல்லட்டும். பொங்கல் பொங்காமல் போனது என்று ஓர் ஆச்சி சொல்லட்டும். என் வாதத்தை விட்டுவிடுகிறேன். தம் குலத்துக்குள் அந்தக் குடம் செய்வதைச் சாதிகளுக்கு நடுவே செய்யச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை. பரிவட்டமும் முதல் விபூதியும் பிறப்பால் வருகிற சொத்தாக இருக்கும்வரை, கோயில் நுழைவுச் சட்டம் வந்த 1947-க்கும் இன்றைக்கும் இடையே வாயில் திறந்திருக்கிறது, வரிசை திறக்கவில்லை என்றுதான் பொருள்.

ஆகவே, அறநிலையத்துறை அமைச்சருக்கும் நான்கு நாட்டுப் பெரியோருக்கும் ஒரு கேள்வி. அடுத்த ஆனிக்கு, கண்டதேவித் தேர் ஓடும் வழியிலுள்ள ஊர்கள் அனைத்திலும், ஊரும் சேரியும் சேர்த்து, வீட்டுக்கொரு பெயர் எழுதிச் சீட்டுப் போடுங்கள். ஊரறிய ஒரு குழந்தையின் கையால் எடுங்கள். வந்த பெயருக்கு உரியவர், ஆணோ பெண்ணோ, முதல் வடம் தொடட்டும். குடம் வேண்டுமென்றால் நாட்டரசன்கோட்டையில் கேட்டுப் பாருங்கள், தருவார்கள். எழுதுவதற்கு ஆட்சேபம் உள்ள பெயர் எது என்று எனக்கு எழுதியனுப்புங்கள். அதை இதே பத்தியில் வெளியிடுகிறேன்.