திண்ணையும் மின்காரும்

எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று திங்களாக ஒரு பட்டிமன்றம் நடந்துவருகிறது. "மின்சாரக் கார் வாங்கலாமா, வேண்டாமா?" என்பது தலைப்பு. வாங்கலாம் என்னும் அணிக்குத் தலைவர் என் அண்ணன். வேண்டாம் என்னும் அணிக்கு, பொருளியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் என்ற ஒரே தகுதியால், நான். நடுவர் எங்கள் தந்தை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வழக்கு முடியுமுன் என் தரப்பை இம்மலரின் வாயிலாக ஆசிரியப் பெருமக்கள் முன்பும் மாணவ நண்பர்கள் முன்பும் வைக்கத் துணிந்தேன். இது எங்கள் ஒரு வீட்டுச் சிக்கல் என்று நான் கருதவில்லை. இன்று இதைப் படிக்கும் நண்பர்களில் பலர், முதல் சம்பளம் வாங்கிய கையோடு இதே வினாவின் முன் நிற்கப் போகிறவர்கள்தாம்.

எங்கள் ஊர் சிறுசேரி. இன்று அப்பெயரைச் சொன்னால் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், பழைய மாமல்லபுரம் சாலையும், கண்ணாடிக் கட்டடங்களுமே எவர் நினைவிலும் எழும். என் தாத்தாவின் நினைவில் இருந்த சிறுசேரி வேறு. ஏரி நீர் பாய்ந்த நிலமும், இரட்டை மாடும், இரவில் தவளைச் சத்தமும் உள்ள ஊர் அது. அந்த நிலத்தில் எங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரு சிறு துண்டு. அண்ணன் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுள் ஒன்றில் கணிப்பொறிப் பணி செய்கிறார். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. இதுநாள்வரை இருசக்கர வண்டியில்தான் போய்வருகிறார்.

அவர் மனத்தைப் பறித்த கார், பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஐ.எக்ஸ்.1. ஜீப்பின் உயரமும் காரின் சொகுசும் கலந்த, எஸ்.யு.வி. என்று அழைக்கப்படும் வகை. 2025 சனவரியில் அறிமுகமானபோது அதன் விலை 49 இலட்சம் ரூபாய். காப்பீடும் பதிவும் தனி. மிஞ்சிய நிலத்துண்டை விற்றால் 20 இலட்சம் கிடைக்கும், மீதி 30 இலட்சத்துக்கு வங்கிக் கடன் என்பது அவர் திட்டம். இன்னொன்றும் உண்டு. எங்கள் தெருவில் அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்த இடமில்லை. திண்ணையை இடித்தால்தான் காருக்குக் கொட்டகை போடலாம். மின்னேற்றம் செய்யும் கருவியையும் சுவரில் பொருத்தலாம்.

அண்ணன் தரப்பு

எதிரணி சொல்வதை முழுதும் சொல்லிவிட்டே மறுக்க வேண்டும் என்பது பட்டிமன்ற அறம். ஆகவே அண்ணனின் வாதங்களை முதலில் தருகிறேன்.

முதலாவது, புகை. காலை ஒன்பது மணிக்கு நாவலூரில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அந்தக் காற்றைத்தான் தன் மூன்று வயது மகள் சுவாசிக்கிறாள் என்கிறார் அண்ணன். மின்காரில் புகைக்குழாயே இல்லை. இரண்டாவது, செலவு. பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாயை ஒட்டி நிற்கும் காலத்தில், மின்சாரத்தில் ஓடும் காருக்கு ஐந்தில் ஒரு பங்கு செலவே ஆகும். மூன்றாவது, வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும் இந்தச் சாலை பட்ட பாடு நாமறிவோம். உயரமான வண்டி நல்லது. நான்காவது, ஊர்ப்பற்று. இந்தக் கார் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்குவதில்லை. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில், நம் செங்கல்பட்டு மாவட்டத்துத் தொழிலாளர் கைகளால் இணைக்கப்படுகிறது. அதே வளாகத்தில் உள்ள மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில்தான், 2024 நவம்பரில் வெளிவந்த அந்நிறுவனத்தின் மின்கார்களும் உருவாக்கப்பட்டன. "நம்ம மாவட்டத்துல செய்யுற வண்டிய நாம ஓட்டக்கூடாதா?" என்று அவர் கேட்டபோது, நடுவரே சற்றுத் தலையசைத்துவிட்டார்.

இவற்றுள் வெள்ளத்தை மட்டும் உடனே ஒதுக்கிவிடலாம். காரின் மின்கலம் இருப்பது தரைத்தளத்தின் அடியில். உயரத்தை நம்பி வெள்ளத்தில் இறங்குபவன் அறிவாளி அல்லன், அது எந்தக் காராயினும். மற்றவை நின்று பேச வேண்டியவை.

காகிதத்தில் போட்ட கணக்கு

ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். பெரிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தந்தால், ஆண்டுச் செலவு ஏறத்தாழ 83,000 ரூபாய். மின்கார் ஒரு யூனிட்டில் 6 கிலோமீட்டர் ஓடும். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 17,000 ரூபாய்க்குள் அடங்கும். ஆண்டுக்கு 66,000 ரூபாய் மிச்சம். ஏழாண்டில் நாலரை இலட்சத்துக்கும் சற்று மேல். அண்ணன் சொன்னது பொய்யன்று.

இப்போது கடனைப் பாருங்கள். 30 இலட்சம், 9 விழுக்காடு வட்டி, ஏழாண்டுத் தவணை. மாதந்தோறும் 48,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். வட்டி மட்டும் பத்தரை இலட்சம். நாலரை இலட்சத்தை மிச்சப்படுத்தப் பத்தரை இலட்சம் வட்டி கட்டுவதற்கு எங்கள் பாடநூல் எதிலும் சிக்கனம் என்று பெயரில்லை.

"பெட்ரோல் கார் வாங்கினாலும் இதே வட்டிதானே?" என்று அண்ணன் மடக்கினார். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் வீட்டில் பெட்ரோல் கார் எப்போது இருந்தது? இருக்கும் இருசக்கர வண்டி, மாதத்துக்குச் சில லிட்டரோடு திருப்தியடைகிறது. ஓடாத காரின் பெட்ரோலை எவரால் மிச்சப்படுத்த முடியும்?

எதற்குப் பதிலாக?

இந்தப் பட்டிமன்றத்தில் நான் கண்டுகொண்ட உண்மை இதுதான். மின்கார் நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. அது எதற்குப் பதிலாக வருகிறது என்று கேட்க வேண்டும்.

கேளம்பாக்கத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றாலும் 4,000 லிட்டர் பெட்ரோல் எரிகிறது. அவர் ஒரு சிறிய மின்காருக்கு மாறினால் அத்தனை புகையும் இச்சாலையிலிருந்து நீங்கும். அவர் வீட்டு அடுப்பும் சற்று நன்றாக எரியும். டீசல் பேருந்துக்குப் பதிலாக மின்பேருந்து வந்தால் பலன் இன்னும் பெரிது. 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து 135 மின்பேருந்துகள் புறப்பட்டன. அவை ஒவ்வொன்றும் நாள் முழுதும் நூற்றுக்கணக்கானோரைச் சுமக்கின்றன.

அண்ணனின் கார் எதற்குப் பதிலாக வரும்? நான்கு கிலோமீட்டர் ஓடும் ஓர் இருசக்கர வண்டிக்குப் பதிலாக. அக்காரின் எடை ஏறத்தாழ இரண்டு டன். அண்ணனின் எடை எழுபது கிலோ. எழுபது கிலோவைக் கொண்டுபோய் இறக்க இரண்டு டன் இரும்பும் அலுமினியமும் நாள்தோறும் நகர வேண்டும். ஒருமுறை நிரப்பினால் 531 கிலோமீட்டர் வரை ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. நம் அலுவலகமோ ஏரிக்கரை தாண்டினால் வந்துவிடுகிறது!

இந்த மின்சாரமும் வானத்திலிருந்து வருவதில்லை. முப்பந்தலில் காற்று சுழல்கிறது, கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் 1984 முதல் இயங்குகிறது, கமுதியில் கதிரவன் மின்சாரம் தருகிறான். எல்லாம் பெருமைக்குரியவையே. எனினும் எண்ணூர்ப் பக்கம் நிலக்கரியும் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியும் இன்றும் எரிகின்றன. கதிரவன் உறங்கிய பின் இரவில் நாம் காருக்கு மின்னேற்றும்போது, அந்தப் புகை நம் குழந்தையின் மூக்கை விட்டு இன்னொருவர் குழந்தையின் மூக்குக்கு இடம் மாறுகிறது. ஐ.எக்ஸ்.1-இன் மின்கலம் 66.4 யூனிட் கொள்ளும். எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தருவது 100 யூனிட். அதில் மூன்றில் இரண்டு பங்கு இந்தக் காருக்கு ஒருவேளைச் சாப்பாடு. மின்கலத்துக்கு வேண்டிய இலித்தியம் ஆஸ்திரேலியாவிலும் சிலியிலும் தோண்டப்படுகிறது. கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அளவாகத் தோண்டி அனைவருக்கும் பகிர வேண்டிய பொருள் அது. ஒரு பெரிய காருக்குள் அடைபடும் மின்கலத்தைக் கொண்டு எத்தனை ஆட்டோக்களை ஓட்டலாம்!

வரியின் விந்தை

"நாட்டுக்கு நல்லது என்பதால்தானே அரசு வரியைக் குறைத்திருக்கிறது?" என்பது அண்ணனின் அடுத்த கணை. உண்மைதான். 2019 ஆகஸ்டு முதல் மின்கார்களுக்குச் சரக்கு-சேவை வரி 5 விழுக்காடுதான். தமிழக அரசும் 2025 இறுதிவரை மோட்டார் வாகன வரியிலிருந்து முழு விலக்கு அறிவித்தது. ஒரு புதிய தொழிலை வளர்க்க இச்சலுகை வேண்டியதே. அதை நான் குறை கூறவில்லை.

ஆனால் ஒன்றைச் சிந்திப்போம். நம் கல்லூரி வாயிலில் வரிசையாக நிற்கின்றனவே மிதிவண்டிகள், அவற்றுக்கு 2025 செப்டம்பர் 21 வரை வரி 12 விழுக்காடு. புகையில்லை, மின்சாரமும் வேண்டாம், மாணவனின் கால் மட்டும் போதும், அதற்கு 12. அரைக்கோடி ரூபாய்ச் சொகுசு மின்காருக்கு 5. மறுநாள் முதல் மிதிவண்டிக்கும் 5 என்று குறைந்தது, வரவேற்போம். அப்பா ஓட்டும் சாதாரணப் பெட்ரோல் இருசக்கர வண்டிக்கு இப்போதும் 18 விழுக்காடு. புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்கார்களாக 2024-இல் விற்ற நார்வே நாடு என்ன செய்தது தெரியுமா? 2023 முதல், 5 இலட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலையுள்ள மின்கார்களுக்கு, அந்த மேற்பட்ட தொகைக்கு மட்டும் 25 விழுக்காடு வரி விதித்தது. மின்சாரத்துக்குச் சலுகை, சொகுசுக்கு வரி என்று பிரித்தறிந்தது. நம் நாடும் பிரித்தறிய வேண்டும் என்பது என் கருத்து. சலுகை கிடைக்கிறது என்பது, அந்தச் சலுகைக்கு நாம் உரியவர்கள் என்பதற்குச் சான்றாகாது.

மானம் என்ற ஒன்று

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. கணக்கில் நான் வென்றுவிட்டதாக எண்ணியிருந்த ஒரு மாலைப்பொழுதில், அண்ணன் சொன்னார்:

"டேய், நிலம் போன அன்னிலேர்ந்து இந்த ரோட்டுல ஓரமா நின்னு வழிவிட்டதெல்லாம் நம்ம ஜனம். இன்னிக்கும் ஆபீஸ் கேட்டுல காரு போனா சலாம். பைக்குல நான் போனா அடையாள அட்டையக் காட்டணும். ஒரு தடவையாச்சும் அந்த கேட்டு எனக்குத் தானா தொறக்கட்டும்டா."

எனக்கு விடை வரவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. இப்போதும் முழு விடை என்னிடம் இல்லை. ஆசைக்கு எதிராக எண்களை அடுக்குவது எளிது. அவமானத்துக்கு எதிராக அடுக்க எண்கள் இல்லை. அண்ணன் கேட்டது கார் அன்று, ஒரு மரியாதை.

அன்றிரவு திண்ணையில் படுத்துக்கொண்டு நெடுநேரம் எண்ணினேன். கதவு திறப்பது காருக்கா, அண்ணனுக்கா? காருக்குத்தான். அதை ஓட்டிச் செல்பவர் எவராயினும் திறக்கும். அவர் இறங்கி நடந்து வந்தால் மீண்டும் அட்டையைக் கேட்கும். ஏழாண்டுத் தவணையில் வாங்கும் மரியாதை, வண்டி பழையதாகும்போது தானும் பழையதாகிவிடும். நாங்கள் படுக்கும் இந்தத் திண்ணையோ, கேளம்பாக்கம் சந்தைக்கு நடந்தே போனவர்கள் வெயிலுக்கு ஒதுங்கித் தண்ணீர் குடித்த இடம். இங்கே உட்கார எவரும் அட்டை காட்டியதில்லை. பிறருக்கு இடங்கொடுத்ததால் எங்களுக்கு வந்த மரியாதையை இடித்து, அதன்மேல் கொட்டகை போட்டு, வாங்கி வந்த மரியாதையை நிறுத்தப் போகிறோமா?

என் முடிவு

ஆகவே என் தரப்பை இவ்வாறு முடிக்கிறேன். மின்சார ஊர்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் என்றே சொல்கிறேன். இப்போதுள்ள இருசக்கர வண்டிக்குப் பதிலாக ஒரு மின் இருசக்கர வண்டி வாங்கட்டும். குழந்தையோடு திண்டிவனத்து மாமியார் வீட்டுக்குப் போகக் கார்தான் வேண்டுமென்றால், ஐ.எக்ஸ்.1-இன் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு நம் நாட்டுச் சிறிய மின்கார்கள் கிடைக்கின்றன. அவற்றிலும் புகைக்குழாய் இல்லை; தெருவோரத்திலும் நிற்கும். மாதவரத்திலிருந்து சிறுசேரிவரை மெட்ரோ இரயில் பாதையும் கட்டப்பட்டு வருகிறது. அது வந்தபின் சென்னைக்குப் போகக் கார் எதற்கு? நிலத்துண்டு மட்டும் இருக்கட்டும். காரின் விலை அதை வாங்கிய நாள்தொட்டு இறங்கும். விற்ற நிலமோ திரும்பி வராது. அண்ணன் மகள் வளர்ந்து "நம் நிலம் எது?" என்று கேட்கும்போது கைகாட்ட ஓரிடம் வேண்டும்.

சென்ற ஞாயிறன்று அண்ணன் தந்தையை அழைத்துக்கொண்டு அந்தக் காரை ஓட்டிப் பார்க்கச் சென்றார். திரும்பி வந்த தந்தை, "சத்தமே இல்லாம நல்லாத்தான் போவுது" என்றார். சற்று நேரம் கழித்துத் திண்ணையைத் தடவியபடி, "இம்மாம் பெரிய வண்டிய எங்கடா நிறுத்துவ?" என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. நான் கணக்குப் போட்ட தாளை மட்டும் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாணவ நண்பர்களே! நாளை உங்களிடமும் பணம் வரும், விற்பவரும் வருவார், அரசின் சலுகையும் வரும். அப்போது, "இது நல்ல பொருளா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என் வாழ்வில் இது எதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் அமரப் போகிறது?" என்றும் கேளுங்கள். நீங்குவது புகையானால் மகிழ்ந்து வாங்குங்கள். நீங்குவது நிலமும் திண்ணையுமானால், ஒருநாள் பொறுத்து, அவற்றின்மேல் அமர்ந்து எண்ணிப் பாருங்கள்.