யாருடைய வீடு 'நம் பண்பாடு'?

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களிடம் 'நம் நிறுவனம்' என்ற உணர்வை வளர்ப்பது எப்படி? கொரோனா காலம் தொட்டு மனிதவளத் துறைகளின் கவலை இது. இணையவழித் தேநீர் நேரம், பாரம்பரிய உடை நாள், வீட்டுச் சமையல் படப் பகிர்வு, ஆயுதபூசைக் காணொளி எனத் திட்டங்களும் வந்துவிட்டன. நெல்லித்தோப்பில் நான் வசிக்கும் தெருவிலும் சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே உழைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். எனக்கு எழும் கேள்வி வேறு: இதில் யாருடைய வீடு 'நம் பண்பாடு' ஆகிறது?

அலுவலகத்தில் சாதி இல்லாமலில்லை. ஆனாலும் அங்கே எல்லோருக்கும் ஒரே சுவர். காணொளிக் கூட்டத்திலோ ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் அவரவர் வீடு. பூசையறை தெரிந்தால் 'பாரம்பரியம்'. அம்பேத்கர் படம் தெரிந்தால் 'அரசியல்'. மாட்டுக்கறிக் குழம்பின் படத்தை அந்தக் குழுவில் யார் துணிந்து பகிர்வார்? படிவத்தில் குடும்பப் பெயர் வேறு கட்டாயம். சாதிப் பட்டத்தைத் துறந்த நாம் அப்பா பெயரை நிரப்பிவிட்டு, 'இது சரி, சர்நேம் என்ன?' என்ற அடுத்த கேள்விக்குக் காத்திருக்கிறோம்.

புதுச்சேரிக்கு இது பழைய கதை. 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின்படி, சாதி வழக்கத்தோடு பிணைந்த தனிநபர் சட்டத்தைத் துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர் சூடினார்கள். 1884இல் அவர்களுக்கென்று தனி வாக்காளர் பட்டியல் போடப்பட்டது. பெயர் மாறியது, பட்டியல் விடவில்லை.

2020இல் கலிபோர்னியா அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கிலும் ஒரு பட்டியல் வருகிறது. தலித் பொறியாளர் ஒருவர் ஐஐடி 'முதன்மைப் பட்டியலில்' வந்தவரல்ல என்று மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. சிஸ்கோ மறுத்தது. 2023இல் மேலதிகாரிகள் இருவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. கடல் கடந்தாலும் சாதி கூடவே வருமென்றால், கணினித் திரையைக் கடக்க எவ்வளவு நேரம்?

இங்கே பாதுகாப்பு என்ன? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேர் வேலை செய்தாலே புகார்க் குழு வேண்டும் என்கிறது. வீட்டையும் பணியிடமாகக் கணக்கில் கொள்கிறது. சாதிப் பாகுபாட்டுக்கு அப்படியொரு குழு தனியார் நிறுவனங்களில் கட்டாயமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, சாதிய இழிவு பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்கிறது. இருவர் மட்டும் பேசும் அழைப்பில் சாட்சிக்கு எங்கே போவது?

ஆகவே தேநீர் நேரத்துக்கு முன் சில விதிகள் வேண்டும். நடத்தை விதிகளில் 'சாதி' என்ற சொல் இடம்பெற வேண்டும். ஆப்பிள் நிறுவனம் அதைச் சேர்த்திருக்கிறது. குடும்பப் பெயரும் கேமராவும் கட்டாயமாகக் கூடாது. சாதிப் புகாரை விசாரிக்கும் குழுவில் தலித், பழங்குடி ஊழியர்கள் இருக்க வேண்டும். அடுத்த முறை மனிதவளத் துறை உங்கள் கருத்தைக் கேட்டுப் படிவம் அனுப்பும்போது, இவற்றை எழுதுங்கள், தோழர்களே. தனியாக வேண்டாம், நாலு பேர் சேர்ந்து எழுதுங்கள்.